சங்கிலியின் வேகம்

பூரணத்தம்மாவிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பதில் சட்டென்று வராது. வேலை சட்டென்று வரும்.

மாசிலாமணிக்கு இது தெரியாததல்ல. பதினோரு வருஷமாக அந்த மடத்துக்கு வந்து போகிறவன். நான் அம்மாவோட சீடன் என்று டீக்கடையிலிருந்து பஞ்சாயத்து ஆபீஸ் வரை சொல்லிவைத்திருப்பவன். அம்மா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. "வர்றான், காப்பி குடிக்கிறான், போறான்" என்பதோடு சரி. இத்தனைக்கும் அம்மா அவனைவிட இரண்டு வயசு இளையவள். அவன்தான் தாயி தாயி என்று நிற்பான்.

மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைக்க வேண்டாம். கண்மாய்க்கரையில் ஓடு போட்ட ஒரு கட்டடம், பின்னால் பெரிய அடுப்படி, முன்னால் ஒரு புங்கமரம். அமாவாசைக்கு அமாவாசை ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. அவ்வளவுதான் மடம்.

அன்று அமாவாசைக்கு முதல் நாள். காலை ஒன்பது மணி. மாசிலாமணி வண்டியை நிறுத்தி ஸ்டாண்டை உதைத்த உதையிலேயே, ஆள் கொதித்துப்போய் வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"தாயி, எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். இருக்குன்னா இருக்கு, இல்லேன்னா இல்ல. கதை வேண்டாம்."

"கதைக்கு இங்க யாருக்கு நேரமிருக்கு. உக்காரு. இந்தக் கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே சொல்லு."

"கீரை ஆயிற நிலைமையிலயா நான் வந்திருக்கேன்?"

"உன் நிலைமை கீரைக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வாடுது."

முனகிக்கொண்டே உட்கார்ந்தான். ஒரு கீரைக்கட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். கீரையைக் கிள்ளினானா, பிய்த்தானா என்று சொல்ல முடியாது. தண்டும் இலையும் ஒன்றாகவே பாத்திரத்தில் விழுந்தன.

"சங்கிலியைப் பத்தித்தான் தாயி."

கோவிலாங்கரை கிரிக்கெட் டீமின் வேகப்பந்துக்காரன் சங்கிலி. அந்த டீமுக்கு மாசிலாமணிதான் கேப்டன். அவனே விக்கெட் கீப்பர். பதினேழு வருஷமாகக் குச்சிகளுக்குப் பின்னால் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறான். மச்சினன் வீடு பால் காய்ச்சின அன்றைக்குத் தவிர ஒரு மேட்சுகூட அந்த இடத்தை அவன் யாருக்கும் விட்டதில்லை. டீம் என்றால் ரப்பர் பந்து டீம் இல்லை. கார்க் பந்து. பட்டால் பட்ட இடம் ஒரு வாரத்துக்குப் பேசும்.

"சங்கிலிக்கு என்ன?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் மண்டை வெடிக்குது. நூல் மில் மேனேஜரு கிருபாகரன் போன் பண்ணினாரு. மில்லுக்குன்னு ஒரு டீம் வச்சிருக்காக. வேகமாப் போடுற ஆளு வேணுமாம். சங்கிலிக்கு ஸ்டோர்ல நிரந்தர வேலை தர்றேங்கிறாரு. நிரந்தரம் தாயி!"

"நல்லதுதான."

"நல்லதுதான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்குறாரு. 'பதினேழு வருஷமா அவர் பந்தைப் பிடிக்கிறவர் நீங்க. இன்னும் மூணு வருஷம் தாங்குவாரா, மாட்டாரா? நீங்க சொல்றதுதான் முடிவு. பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுறேன். இல்லேன்னா வேற ஆளு பார்த்து வச்சிருக்கேன்'ங்கிறாரு."

சங்கிலி அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். ஆறு மாசம் வேலை, ஆறு மாசம் வானத்தைப் பார்க்க வேண்டியது. மகள் இந்த வருஷம் பன்னிரண்டாவது முடிக்கிறாள். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். ஊரில் யார் வீட்டு அடுப்பு எப்போது எரிகிறது என்று தெரியாமல் ஐந்நூறு பேருக்கு உலை வைக்க முடியாது.

"சொல்லிட வேண்டியதுதான?"

"எதைச் சொல்றது? இதைப் பாருங்க."

இடுப்பில் செருகியிருந்த ஒரு நீள நோட்டை உருவி அம்மா முன்னால் விரித்தான். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

"மேட்ச் நோட்டு. ஒரு சீசனுக்கு எத்தனை பேரை அவன் அவுட்டாக்கினான்னு எழுதியிருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி நாப்பத்தொண்ணு. அடுத்த வருஷம் இருபத்தாறு. அதுக்கடுத்து பதினேழு. இந்த வருஷம் ஒம்போது."

"இறங்குது."

"இறங்கலே தாயி. உருளுது."

"வயசு?"

"முப்பத்தெட்டு. வேகப்பந்துக்கு அது தாத்தா வயசு."

"அப்ப வயசுதான். முடிஞ்சுது. மேனேஜர்கிட்ட அதையே சொல்லிடு. கீரையை நல்லா ஆயி, மண்ணு இருக்கு."

மாசிலாமணி கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அங்கதான் தாயி கடுப்பே! வயசுன்னா வயசுன்னு விட்டுட்டுப் போயிருவேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனியாப் போட்டுப் பழகுவான். ஒத்தக் குச்சியை நட்டு, பின்னாடி வலையைக் கட்டிட்டுப் போடுவான். நான் என் கண்ணால பார்த்தேன். குச்சி பறக்குது தாயி. பிடுங்கிக்கிட்டுப் போய் ஆறடி தள்ளி விழுது. இருபது வயசுல போட்ட அதே பந்து. ஞாயித்துக்கிழமை மேட்சுன்னு வந்துட்டா? பச்சைப் பிள்ளைக்குப் பந்து உருட்டி விடுற மாதிரி போடுறான். அடிக்கிறவன் கொட்டாவி விட்டுக்கிட்டே அடிக்கிறான்."

"அப்ப வயசு இல்ல."

"இல்ல. பயம். ஆளு உள்ளுக்குள்ள உடைஞ்சுட்டான். கை இருக்கு, நெஞ்சு இல்ல. நான் அப்படித்தான் நினைக்கிறேன்."

"எல்லா மேட்சிலயும் அப்படியா?"

"எல்லாத்துலயும்தான். போன வருஷம் ஒரு மேட்ச்ல மட்டும் அஞ்சு விக்கெட் எடுத்தான். நான் மச்சினன் வீடு பால் காய்ச்சப் போயிருந்தேன். அது விடுங்க, அந்த டீம் சொத்தை டீம். எங்க வீட்டுப் பூனை போட்டாக்கூட அஞ்சு எடுக்கும்."

அம்மா ஒரு தண்டை எடுத்து வளைத்துப் பார்த்தாள். முற்றியிருந்தது. தூர வீசினாள்.

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேக்காம? கேட்கிற மாதிரியா கேட்டேன்? போன ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். 'மாப்ளே, நீ பந்து போடுறியா, இல்ல வீடு வீடாப் போய் கல்யாணப் பத்திரிகை வைக்கிறியா'ன்னு. மொத்த டீமும் சிரிச்சுச்சு."

"அவன்?"

"அவனும் சிரிச்சான் தாயி! 'சரி மச்சான், பார்த்துக்கிறேன்'ங்கிறான். திட்டினா எதுத்து ஒரு வார்த்தை பேசணும்ல மனுஷன்? சண்டைக்கு வந்தா நானும் நாலு போட்டு அனுப்பிருப்பேன். சிரிக்கிறவனை என்ன பண்றது? மூணு வருஷமா இதே கூத்து. இப்ப மேனேஜர்கிட்ட தாங்குவான்னு சொன்னா நான் பொய் சொன்னவன். மாட்டான்னு சொன்னா அவன் வீட்டு நிரந்தரத்தைக் கெடுத்தவன். நீங்க சொல்லுங்க. அவன்கிட்ட சரக்கு இருக்கா, இல்லையா?"

"எனக்கு உங்க ஆட்டமே தெரியாது. அவன் எறியிற பந்து எங்க போகும்?"

"எறியக் கூடாது தாயி. போடணும்."

"சரி, போடுற பந்து."

"குச்சியைப் பார்த்துப் போகும். முன்னாடி நிக்கிறவன் அடிச்சா வெளிய போகும்."

"அடிக்கலைன்னா?"

"என்கிட்ட வரும்."

"உன்கிட்ட வரும்."

"ஆமா. அதுக்குத்தான நான் நிக்கிறேன்."

"ம்."

இந்த 'ம்' இருக்கிறதே, இதுதான் மாசிலாமணிக்கு ஆகாதது. பதினோரு வருஷத்தில் இப்படி எத்தனையோ 'ம்' வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

"ம்முன்னா என்ன தாயி அர்த்தம்?"

அதற்குள் வெளியே ஹாரன் அடித்தது. ஒரு தரம் இல்லை, ஏழெட்டுத் தரம். அமாவாசைக்குப் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு குட்டியானை லாரி வந்து நின்றிருந்தது. டிரைவர் இருளப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அம்மா, இறக்குற ஆளு எங்க? ஒரு மணிக்கு நான் சந்தையில இருக்கணும். அடுத்த லோடு காத்துக்கிட்டிருக்கு."

"ஆளு வரலைப்பா. காய்ச்சலாம்." அம்மா மாசிலாமணியைப் பார்த்தாள். "நீ போய் வாங்கிப் போடு."

"நானா? பன்னெண்டு மணிக்குப் போன் வரும் தாயி!"

"இப்ப மணி பத்துகூட ஆகலை. காய் மொத்தமே எண்பதுதான். பதினேழு வருஷமாப் பந்து பிடிக்கிறவனுக்குப் பூசணிக்காய் பெருசா?"

இதற்குமேல் என்ன பேச? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான்.

வண்டிக்கு மேலே ராக்கு நின்றாள். சந்தையில் இருபது வருஷமாகச் சுமை ஏற்றி இறக்குகிறவள். பூசணிக்காய் இறக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலையே கிடையாது. மேலே நிற்கிறவர் காயை எடுத்து வீச வேண்டும். கீழே நிற்கிறவர் இரண்டு கையிலும் வாங்கி, வாங்கின வேகத்திலேயே திரும்பிக் குவியலில் உருட்ட வேண்டும். இடுப்பு திரும்பிக்கொண்டே இருக்கும். நல்ல ஜோடி அமைந்தால் எண்பது காய்க்கு அரை மணிகூட ஆகாது.

"ரெடியா சாமி?" என்றாள் ராக்கு.

"போடுக்கா. நான் பார்க்காத வேகமா?"

முதல் காய் வந்தது. வாங்கிவிட்டான். இரண்டாவது காய் கையில் நிற்காமல் நழுவி நெஞ்சில் இடித்தது. சமாளித்துக்கொண்டான். மூன்றாவது, விரல் நுனியைத் தொட்டுவிட்டுத் தரையில் விழுந்து பிளந்தது. மஞ்சள் சதையும் விதையுமாகச் சிதறிக் கிடந்தது.

"அண்ணே, பூசணிக் கூட்டை இங்கயே வச்சிருவீகளா?" என்றான் இருளப்பன்.

"காய் வழுக்குதுப்பா. பனி ஈரம்."

"பத்து மணிக்குப் பனி!"

ராக்கு நாலாவது காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விநாடி கீழே பார்த்தாள். பிறகு வீசினாள். இது மெதுவாக வந்தது. மாசிலாமணி லேசாக வாங்கினான். அடுத்ததும் மெதுவாக வந்தது. அதற்கடுத்தது அதைவிட மெதுவாக. கொஞ்ச நேரத்தில் ராக்கு வீசுவதையே விட்டுவிட்டாள். ஒவ்வொரு காய்க்கும் வண்டி விளிம்புவரை நடந்து வந்து, குனிந்து, அவன் உள்ளங்கையில் வைக்காத குறையாக விட்டாள். பிறகு நிமிர்ந்து, திரும்பிப் போய், அடுத்த காயை எடுத்தாள்.

காய் ஒன்றுகூட விழவில்லை. ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. இருளப்பன் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஸ்டியரிங்கைத் தட்டுவதுமாக இருந்தான். முப்பது காய் இறங்குவதற்குள் மணி பத்தே முக்கால்.

மாசிலாமணிக்கு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த மண்டை. இப்போது மூடி தெறித்தது.

"என்னக்கா இது? விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இறக்குவீக போல?"

"இறக்கிரலாம் சாமி."

"கை ஓய்ஞ்சு போச்சா? முடியலைன்னா சொல்லிருங்க."

"ஓயலை சாமி. நீங்க வாங்குங்க."

அவன் வாங்கவில்லை. படிக்கட்டில் கீரைப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா பக்கம் திரும்பினான்.

"தாயி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த அக்காவுக்கு வயசாயிருச்சு. முதல் மூணு காயை நல்லா வேகமாத்தான் போட்டாக. அதோட சரி. இப்பப் பாருங்க, பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி போடுறாக. அடுத்த அமாவாசைக்கு வேற ஆளு பார்த்துக்கங்க."

"அப்படியா?"

"நான் பார்க்கிறேன்ல? பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாதா?"

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பெருமூச்சு ஒன்று விட்டாள். பிள்ளைக்கு ஆறாவது தடவையாகச் செருப்பை இடம் மாற்றி மாட்டிவிடுகிற தாய் விடுவாளே, அந்தப் பெருமூச்சு.

"நீ வா. வந்து ஒரு சொம்பு தண்ணி குடி. இருளப்பா, நீ போய்க் கொஞ்சம் நில்லுப்பா."

"நானா? வண்டியும் ஓட்டணும், காயும் வாங்கணும், அடுத்தது சோறும் வடிக்கச் சொல்லுவீக போல." முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான் இருளப்பன். பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டான். "போடுக்கா, சீக்கிரம்."

ராக்கு போட்டாள்.

மாசிலாமணி சொம்பை வாய்க்குக் கொண்டுபோனவன், அப்படியே நின்றான்.

காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. ராக்கு விளிம்புக்கு வரவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்று, எடுத்து வீசி, எடுத்து வீசி, தப்பட்டை அடிக்கிற மாதிரி ஒரு சீராக அவள் கை போய் வந்தது. முதல் மூன்று காய் வந்த வேகத்தைவிட இது அதிகம். இருளப்பன் காயைப் பார்க்கக்கூட இல்லை. தன் மாமியார் வந்து பதினெட்டு நாள் ஆகியும் ஊருக்குக் கிளம்பாத கதையை ராக்குவிடம் சொல்லிக்கொண்டே வாங்கி வாங்கி உருட்டினான். ராக்கு சிரித்துக்கொண்டே வீசினாள்.

மிச்சக் காய் அத்தனையும் கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

"அக்காவுக்கு வயசு திரும்பிருச்சா?" என்றாள் அம்மா.

மாசிலாமணி சொம்பை வைத்துவிட்டு நேராக வண்டிக்குப் போனான். முகம் சிவந்திருந்தது.

"ஏக்கா, எனக்கு மட்டும் ஏன் அப்படிப் போட்டீக? என்னைப் பார்த்தா உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

ராக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சொல்லலாமா என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வலது கை மோதிர விரலு மடங்கலியே சாமி. ரெண்டாவது காய்லயே பார்த்துட்டேன். வேகமாப் போட்டா காய் விழும். காய் விழுந்தாப் போகுது, கூட்டுல போட்டுக்கலாம். விரலு போச்சுன்னா?"

மாசிலாமணி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஏன் மறைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த விரல் மூன்று வருஷத்துக்கு முன்னால் உடைந்தது. மாசி மாசம், கம்பத்து டீமோடு மேட்ச். சங்கிலி போட்ட பந்து மட்டையில் உரசி, திசை மாறி, உறைக்குள்ளேயே விரலை முறித்துவிட்டது. கட்டுப் போட்ட வைத்தியர் நாற்பது நாள் என்றார். இவன் பதினெட்டாவது நாளே கட்டைப் பிரித்துவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டான். வேறு எவனாவது அந்த இடத்தில் நின்று பழகிவிடுவானோ என்ற பயம். விரல் நீட்டினபடி நின்றுபோனது. ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்று எல்லாரிடமும் சொல்லி, கடைசியில் தன்னிடமும் சொல்லிக்கொண்டான்.

மூன்று வருஷம்.

வண்டியின் ஓரத்தில் சாய்ந்து நின்று நோட்டைப் பிரித்தான். இந்தத் தடவை மொத்தத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் பக்கத்தில் யார் பிடித்தது என்று எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தான். நாற்பத்தொன்று எடுத்த வருஷத்தில் பத்தொன்பது இடத்தில் அவன் பேரே இருந்தது. கீப்பர் மாசிலா, கீப்பர் மாசிலா, கீப்பர் மாசிலா. அடுத்த வருஷம் ஆறு. அதற்கடுத்து இரண்டு. இந்த வருஷம் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை, பின்னால் வெறும் வலை. குச்சி பறக்கிறது. மச்சினன் வீடு பால் காய்ச்சின அன்றைக்குப் பின்னால் வேறு ஆள். ஐந்து விக்கெட். மற்ற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பின்னால் இவன்.

போன் அடித்தது. பன்னிரண்டுகூட ஆகவில்லை. மேனேஜர் அவசரக்காரர்.

மாசிலாமணி அம்மாவைப் பார்த்தான். அம்மா எழுந்து, உடைந்த பூசணியின் பக்கத்தில் உட்கார்ந்து, விதையைப் பொறுக்கத் தொடங்கியிருந்தாள்.

"சார்."

"என்ன சார், யோசிச்சீங்களா? சங்கிலி தாங்குவாரா?"

"தாங்குவான் சார். அவன் பந்துல ஒண்ணும் குறையலை."

"இந்த சீசன்ல ஒம்போது விக்கெட்டுதான்னு இங்க பேசிக்கிறாங்களே? கூட்டாளிங்கறதால சொல்றீங்களா?"

இப்போது ஒரு 'இல்ல சார்' போதும். 'இந்த வருஷம் அவனுக்கு நேரம் சரியில்ல சார்' என்றுகூடச் சொல்லலாம். விரல் அவன் சட்டைப்பைக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். சுற்றுப்பட்டியெல்லாம் திரண்டு வரும். இதைச் சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் எல்லா டீமுக்கும் தெரிந்துவிடும்.

"அந்த ஒம்போது அவனோடது இல்ல சார். என்னோடது."

"புரியலையே."

"என் விரல் உடைஞ்சு மூணு வருஷமாச்சு. மடங்காது. வேகமாப் போட்டா நான் பிடிக்க மாட்டேன், எனக்கு அடிபடும். அதனால மெதுவாப் போட்டுக்கிட்டிருக்கான்."



"இதை அவர் சொன்னாரா?"

"அவன் எங்க சார் சொல்றான், கல்லுளிமங்கன். நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க. நான் நிக்க மாட்டேன். பின்னாடி வேற ஆளு நிப்பான். அவன் பந்தைப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

போனை வைத்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது. வண்டி டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"கீப்பர் வேலையும் போச்சு. அவனும் மில்லுக்குப் போயிருவான்."

"ஒரே போன்ல ரெண்டு விக்கெட் எடுத்துட்டீக அண்ணே," என்றான் இருளப்பன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "எந்திரிங்க, டயரு வேணும்."

எழுந்தான். எழுந்த வேகத்தில் கோபமும் எழுந்தது. மேனேஜர்மேல் இல்லை, ராக்குமேல் இல்லை. பத்திரிகை வைக்கிறியா என்று கேட்டபோது சிரித்தானே, அவன்மேல்.

"மூணு வருஷம் தாயி! ஒரே ஒரு வார்த்தை. 'மச்சான், உன் விரல் சரியில்ல, நீ ஒதுங்கிக்க'ன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா நான் ஒதுங்கியிருக்க மாட்டேனா?"

"ஒதுங்கியிருப்பியா?"

அவனுக்குக் கட்டைப் பிரித்த பதினெட்டாவது நாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வேறு ஆள் அகப்படாமல், வண்டியில் ஏறிக்கொண்டிருந்த ராக்குமேல் பாய்ந்தான்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்லக்கா, அப்பவே? என்னை இவ்வளவு நேரம் பேசவிட்டு வேடிக்கை பார்த்தீக."

"சொன்னா நீங்க விரலைப் பார்ப்பீக சாமி. காயைப் பார்க்க மாட்டீக. அப்புறம் எல்லாக் காயும் கீழதான்." சொல்லிவிட்டு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பிவிட்டது.

புழுதி அடங்கியது. அம்மா பொறுக்கின விதைகளை ஒரு முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தாள். மாசிலாமணி பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கேட்க வந்த கேள்வி கேட்டபடியே இருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"தாயி, நான் வந்தது அவனுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு கேக்க. காலையிலிருந்து கீரை ஆய்ஞ்சுட்டேன், காய் இறக்கிட்டேன், என் இடத்தையும் விட்டுட்டேன். நீங்க அவனைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை."

அம்மா கையிலிருந்த மஞ்சள் சதையைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒவ்வொரு பந்தையும் விடுறதுக்கு முன்னாடி அவன் உன் கையைப் பார்த்திருக்கான், மாசிலா. பந்தைப் பிடிச்ச பிறகு ஒரு தடவையாவது நீ அவன் மூஞ்சியைப் பார்த்தியா?"